குட்டி நாய்களின் முழங்கால் எலும்பு முறிவும் அறுவைச் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் பருவத்து நாய்க்கு முழங்காலருகே எலும்பு முறிந்து, அறுவை செய்ய வேண்டும் என்று சொன்னதும் உரிமையாளர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்கும் நேரம்தான் மாறுகிறது. சிலர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது கேட்கிறார்கள், சிலர் தையல் பிரித்த பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்து கேட்கிறார்கள். அவர்களுடைய சொற்களையே தலைப்பாக வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். உங்கள் நாயைப் பார்த்த மருத்துவர் இதிலிருந்து வேறுபட்டு ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். அவர் ஒரு குறிப்பிட்ட காலைப் பார்த்துச் சொல்கிறார், இங்கே இருப்பது பொதுவான விளக்கம்.

நாய்க்கு முழங்கால் எது? பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதுவா?

அல்ல. பின்பக்கமாகத் துருத்தி நிற்பது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றின் பக்கவாட்டை ஒட்டி, முன்னோக்கி நிற்கும் மூட்டு. உரோமம் அடர்ந்த நாய்களில் அது கண்ணுக்குத் தெரியாது, தொட்டால்தான் தெரியும். 'முழங்கால் வீங்கியிருக்கிறது' என்று தொலைபேசியில் சொல்பவர்களில் பலர் கணுக்காலைத்தான் குறிப்பிடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேலிருந்து தொடை எலும்பும் கீழிருந்து கீழ்க்கால் எலும்பும் வந்து சேர, முன்னால் முழங்கால் சில்லு நிற்கிறது. சில்லு தொடையின் முன்தசையோடு இணைந்திருக்கிறது. அதிலிருந்து இறங்கும் பட்டையான நாண், கீழ்க்கால் எலும்பின் முன்முகப்பில் உள்ள ஒரு புடைப்பைப் பற்றிக்கொள்கிறது. அந்த இடத்தை இந்தப் பக்கம் முழுவதும் 'முன்புடைப்பு' என்றே குறிப்பிடுகிறேன்.

சோபாவில் இருந்து குதித்தது, அவ்வளவுதான். அதற்கா எலும்பு முறியும்?

வளர்ந்த நாயாக இருந்தால் ஒருவேளை சுளுக்கோடு போயிருக்கும். வளரும் குட்டியின் நீண்ட எலும்புகளில், முனைக்குச் சற்று முன்னால் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் வளர்ச்சித் தகடு. எலும்பு நீளமாவது அங்கேதான். அந்தத் தகடு, அதைச் சுற்றியுள்ள எலும்பையும் மூட்டைக் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்களையும் விட வலுக்குறைந்தது. ஆகவே முழங்கால் முறுக்கிக்கொள்ளும்போது, வளர்ந்த நாயில் தசைநார் கிழிகிறது. குட்டியில் தசைநார் தாங்கிவிடுகிறது, வளர்ச்சித் தகடு பிளந்துவிடுகிறது.

வாகனம் மோதுவதும் உயரத்திலிருந்து விழுவதும் பெரிய காரணங்கள் என்றாலும், கையிலிருந்து நழுவிய குட்டி, ஓடும்போது கால் எங்காவது சிக்கிக்கொண்ட குட்டி ஆகியவையும் இதே முறிவோடு வருகின்றன. யாரோ அடித்திருப்பார்களோ என்று வீட்டுக்குள்ளேயே ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரணக் குதிப்பே போதுமான காரணமாக இருக்க முடியும்.

எக்ஸ்ரேயில் நல்ல காலிலும் ஒரு கோடு தெரிகிறதே, அதுவும் உடைந்திருக்கிறதா?

பெரும்பாலும் அது வளர்ச்சித் தகடுதான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், தகடு இருக்கும் இடம் கறுப்புக் கோடாக விழுகிறது. தொடை எலும்பின் கீழ்முனைத் தகடு பெரும்பாலான நாய்களில் 8 முதல் 11 மாதத்திற்குள் மூடிக்கொள்கிறது; பெரிய இனங்களில் எல்லாமே இன்னும் தாமதம்.

மிகவும் ஏமாற்றக்கூடியது முன்புடைப்பு. இயல்பான குட்டியிலேயே அது கீழ்க்கால் எலும்பிலிருந்து தனித்து நிற்பதுபோல் தெரியும். இதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் அடிபடாத காலையும் அதே கோணத்தில் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு காலுக்கும் படம் எடுத்தது வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்; மில்லிமீட்டர் கணக்கில் விலகிய புடைப்பைக் கண்டுபிடிக்க அதைவிட நம்பகமான வழி குறைவு.

ரிப்போர்ட்டில் 'சால்ட்டர்-ஹாரிஸ் 2' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஸ்டேஜா? முற்றிவிட்டதா?

அது நோயின் கட்டம் அல்ல, முறிவுக் கோடு எந்த வழியாகப் போகிறது என்பதற்கான எண். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தைகளின் எலும்பு முறிவுகளுக்காக 1963இல் வெளியிட்ட வகைப்பாடு இது. கால்நடை மருத்துவமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. முதல் வகையில் முறிவு தகட்டின் வழியாகவே செல்கிறது. இரண்டாம் வகையில் தகட்டோடு எலும்புத் தண்டின் ஒரு மூலையும் சேர்ந்து வருகிறது. மூன்றாம் வகை தகட்டிலிருந்து திரும்பி மூட்டுக்குள் நுழைகிறது. நான்காம் வகை தண்டு, தகடு, மூட்டு மூன்றையும் வெட்டிச் செல்கிறது. ஐந்தாவது, தகடு நசுங்கிப்போன வகை.

நாய்களின் தொடை எலும்புக் கீழ்முனையில் அதிகம் காணப்படுவது இரண்டாம் வகைதான். மூன்றும் நான்கும் மூட்டின் வழவழப்பான பரப்பைக் கெடுப்பதால், அவற்றில் துண்டுகளை இம்மியும் பிசகாமல் பொருத்த வேண்டும். ஐந்தாம் வகையின் சிக்கல் வேறு: முதல்நாள் எக்ஸ்ரேயில் அநேகமாக எதுவும் தெரியாது. சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் வளரவில்லை என்பதிலிருந்துதான் தெரியவரும்.

முழங்கால் பக்கம் என்றால் எதெது உடையும்?

முதலிடம் தொடை எலும்பின் கீழ்முனைக்கு. அங்குள்ள வளர்ச்சித் தகடு தட்டையாக இல்லாமல், மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கிறது. முறிந்ததும், மூட்டோடு சேர்ந்த கீழ்த்துண்டைப் பின்தசைகள் பின்னோக்கி இழுத்துவிடுகின்றன. மேல்துண்டின் கூரான முனை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு தொடையின் முன்தசையில் குத்தி நிற்கிறது. இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பிந்தைய பெரிய ஆபத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, முன்புடைப்பு பிய்ந்து போவது. குதித்து இறங்கும்போது முன்தசை வெடுக்கென்று சுருங்கி, சில்லு நாணின் வழியாகப் புடைப்பை மேலே பிடுங்கிவிடுகிறது. 4 முதல் 8 மாத வயதில், தசைக்கட்டுள்ள டெரியர் வகைகளிலும் கிரேஹவுண்ட் வகைகளிலும் இதை அதிகம் பார்க்கிறோம். மூன்றாவது, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை முழுவதுமே தகட்டில் விலகிச் சாய்வது. இவை தவிர, சிலுவைத் தசைநார் (முழங்காலுக்குள் குறுக்காக ஓடித் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பது) தான் பற்றியிருக்கும் எலும்புத் துணுக்கோடு பெயர்ந்து வருவதும், முழங்கால் சில்லே உடைவதும் உண்டு, இரண்டும் அபூர்வம்.

மாவுக்கட்டு போட்டால் கூடிவிடாதா? மனிதர்களுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்?

ஒரு முறிவைக் கட்டி நிறுத்த வேண்டுமென்றால், கட்டு அதற்கு மேலுள்ள மூட்டையும் தாண்டிச் செல்ல வேண்டும். நாயின் தொடைக்கு மேலுள்ள மூட்டு இடுப்பு. அங்கே உடம்பைச் சுற்றாமல் கட்டுப் போட வழியில்லை. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது பாதித் தொடையில் நின்றுவிடும். பிறகு நாய் காலைத் தூக்கும்போதெல்லாம் கட்டின் கனம் ஊசல்போல ஆடி, முறிந்த இடத்தையே அசைத்துக்கொண்டிருக்கும். தொடை எலும்பின் கீழ்முனை முறிவுக்கு மாவுக்கட்டு பயனற்றது என்பதோடு தீங்கானதும்கூட. காலை நீட்டிய நிலையில் வாரக்கணக்கில் கட்டி வைத்த குட்டியின் முழங்கால், கட்டைப் பிரித்த பிறகு மடங்குவதே இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்புடைப்பு மிகக் கொஞ்சமே விலகி, குட்டியும் ஓரளவு ஊன்றி நடந்தால், காலை நீட்டிய நிலையில் குறுகிய காலம் கட்டி, அடிக்கடி படம் எடுத்துப் பார்க்கும் வழி இருக்கிறது. கீழ்க்கால் எலும்பின் மேல்முனை சற்றும் விலகாமல் இருந்தாலும் இப்படி முயல்வதுண்டு. அந்த முடிவை எக்ஸ்ரேயைப் பார்த்தவர் மட்டுமே எடுக்க முடியும்.

இன்றைக்கே செய்ய வேண்டுமா? ஊரிலிருந்து வீட்டார் வரட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமா?

அடுத்த வாரம் வேண்டாம். குட்டியின் எலும்பு கூடும் வேகமே இங்கே எதிரியாகிவிடுகிறது. சில நாள்களிலேயே முறிந்த முனைகளைச் சுற்றிப் புதுத் திசு வளரத் தொடங்கிவிடும், தசைகள் சுருங்கித் துண்டுகளை இடம் மாறிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அப்போது அவற்றைப் பிரித்துப் பொருத்தப் பலம் பிரயோகிக்க வேண்டியிருக்கும். அந்தப் பலமே வளர்ச்சித் தகட்டைக் காயப்படுத்தும். முதல் ஓரிரு நாள்களில் செய்வது நல்லது, 4 அல்லது 5 நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் வேலை கடினமாகிறது.

அதே சமயம், வாகனத்தில் அடிபட்ட குட்டியை வந்த வேகத்தில் அறுவை மேசையில் ஏற்றுவதும் தவறு. நுரையீரல் கன்றிப்போயிருக்கலாம், மார்புக்கூட்டுக்குள் காற்று கசிந்திருக்கலாம், உதரவிதானம் கிழிந்திருக்கலாம், சிறுநீர்ப்பை உடைந்திருக்கலாம். கால் கண்ணில் படுகிறது, இவை படுவதில்லை. மார்பு எக்ஸ்ரேயும் இதயத் துடிப்புப் பதிவும் எடுத்து, குட்டியை நிலைப்படுத்த ஒருநாள் காத்திருக்கச் சொன்னால் அது தாமதம் ஆகாது.

அதுவரை வலியில் துடிக்கிறதே. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தரலாமா?

தரக்கூடாது. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்க்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். குட்டியின் எடைக்குப் பாதி மாத்திரையே அளவு மீறியதாகிவிடும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது: வீட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், நாய்க்கென்றே உள்ள மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்ற மருந்துகளை மருத்துவர் உடனே பயன்படுத்த முடியாமல் போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல், பெயர், அளவு, நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

முதலுதவி என்று செய்யக்கூடியது குறைவு. காலை நேராக்க முயலாமல், குச்சி வைத்துக் கட்டாமல், அடிபடாத பக்கம் தரையில் இருக்குமாறு அகலமான பெட்டியிலோ பலகையிலோ கிடத்திக் கொண்டுவாருங்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும்.

இரண்டு மாதக் குட்டிக்கு மயக்க மருந்து தாங்குமா?

தாங்கும், ஆனால் பெரிய நாய்க்குச் செய்வதைச் சுருக்கிச் செய்வதாக அது இருக்கக்கூடாது. குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு, உடம்பு சூட்டை விரைவில் இழக்கும். எனவே மிகச் சிறிய குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடுவதில்லை. ஓரிரு மணி நேரம் போதும். இரத்தச் சர்க்கரையை இடையிடையே பார்ப்பது, அடியில் சூடான விரிப்பு இடுவது, மயக்கம் தெளிந்ததும் சிறிதளவு உணவு தருவது ஆகியவை மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையவை. 'முந்தைய இரவு முதல் எதுவும் தரவில்லை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு எட்டு வாரக் குட்டியைத் தூக்கி வருவதைத் தவிர்க்க, நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் நாய்க்கு பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். எங்கள் குட்டிக்கு வெறும் கம்பி போதும் என்கிறார்கள். செலவைக் குறைக்கவா?

இல்லை, காரணம் வளர்ச்சித் தகடுதான். பிளேட்டோ மரையுள்ள திருகோ தகட்டைக் குறுக்கே கடந்து இருபக்கமும் பற்றிக்கொண்டால், எலும்பு நீளமாகும் வழியை அது பூட்டிவிடும். மரையில்லாத, வழுவழுப்பான மெல்லிய கம்பியைத் தகட்டின் வழியே செலுத்தினால், எலும்பு அந்தக் கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு தொடர்ந்து வளர வாய்ப்பு இருக்கிறது. தகட்டுக்கு எவ்வளவு செங்குத்தாகக் கம்பி செல்கிறதோ, எத்தனை முறை குறைவாகத் துளைக்கிறோமோ, அவ்வளவுக்குத் தகடு தப்பும்.

தொடை எலும்புக் கீழ்முனையில் வழக்கமாகச் செய்வது இதுதான்: மூட்டைத் திறந்து, பின்னால் போன துண்டை மெதுவாக நெம்பி முன்னே கொண்டுவந்து, மேடு பள்ளங்கள் மீண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமர்த்தி, உட்பக்கத்திலிருந்து ஒன்றும் வெளிப்பக்கத்திலிருந்து ஒன்றுமாக இரு கம்பிகளைச் சாய்வாக மேல்நோக்கிச் செலுத்துவது. கம்பியின் கீழ்முனையைச் சில்லு உரசாத இடத்தில் வெட்டிவிடுவார்கள் அல்லது வளைத்துவிடுவார்கள். அந்தத் தகட்டின் மேடு பள்ளம் சரியாகப் பொருந்திவிட்டால் பாதி உறுதி அதிலேயே கிடைத்துவிடுகிறது. மெல்லிய கம்பி போதுமானதாக இருப்பதன் இரகசியம் அதுவே. முறிவு மூட்டுக்குள் போயிருந்தால், அதாவது முன்பு சொன்ன மூன்றாம், நான்காம் வகையானால், மூட்டின் இரு பாதிகளையும் இறுக்கத் திருகு பயன்படும். ஆனால் அது தகட்டைக் கடக்காமல், அதற்கு இணையாகச் செல்லும்.

முன்புடைப்புக்கு எட்டு வடிவத்தில் கம்பி சுற்றினார்கள். ஒரு மாதத்தில் மறுபடி அறுத்து அதை எடுக்க வேண்டுமாம். அப்படியானால் ஏன் வைத்தார்கள்?

முன்தசை இழுக்கும் விசைக்கு எதிராகப் புடைப்பைக் கீழே பிடித்து வைக்க இரண்டு சிறு கம்பிகள் மட்டும் சில நேரங்களில் போதாது. எட்டு வடிவக் கம்பி, அந்த இழுவிசையையே புடைப்பை எலும்போடு அழுத்தும் விசையாக மாற்றுகிறது. எலும்பு கூடும்வரை அது அவசியம். கூடியபின் அதே அழுத்தம் புடைப்பின் வளர்ச்சித் தகட்டை முன்கூட்டியே மூடிவிடும். அதன் பின்னால் உள்ள பகுதி தொடர்ந்து வளர, முன்பகுதி மட்டும் நின்றுவிட்டால், புடைப்பு படிப்படியாகக் கீழே இறங்கும், சில்லும் அதனுடன் தாழும், மூட்டின் மேற்பரப்புச் சாய்வும் மாறும்.

ஆகவே வளர்ச்சி நிறைய மீதமிருக்கும் குட்டிகளில் எலும்பு பற்றியதும், பல நேரம் 3 முதல் 6 வாரத்திற்குள், அந்தக் கம்பியை எடுத்துவிடுகிறார்கள். எட்டு மாத நாயில் இழப்பதற்கு வளர்ச்சி அதிகம் இல்லை, அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவது அறுவை சிறியது. குட்டி நன்றாக ஓடுகிறதே என்று அதைத் தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாக ஓடுவதுதான் எலும்பு கூடியதற்கும் கம்பியை எடுக்கும் நேரம் வந்ததற்கும் அடையாளம்.

மற்றக் கம்பிகளையும் கட்டாயம் எடுக்க வேண்டுமா?

தேவையில்லை. தொந்தரவு தராத கம்பி வாழ்நாள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். கம்பி நகர்ந்து தோலுக்கடியில் முனை தட்டுப்பட்டாலோ, அந்த இடத்தை நாய் ஓயாமல் நக்கினாலோ, சீழ் வைத்தாலோ, நன்றாக ஊன்றிக்கொண்டிருந்த நாய் மறுபடி நொண்டினாலோ எடுப்பார்கள்.

எத்தனை நாளில் நடக்கும்?

பெரும்பாலான குட்டிகள் சில நாள்களிலேயே விரல் நுனியைத் தரையில் தொடத் தொடங்கும், இரண்டு வாரத்திற்குள் நொண்டியபடியாவது ஊன்றும். தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். தகட்டு முறிவுகள் வேகமாகக் கூடுபவை; பல குட்டிகளில் 3 முதல் 4 வாரத்தில் எக்ஸ்ரே நல்ல செய்தி சொல்லும். அதற்குப் பிறகும் ஓட்டமும் குதிப்பும் மருத்துவர் அனுமதித்த பின்னரே.

இரண்டு வாரமாகியும் காலைத் தொங்கவிட்டபடியே இருந்தால் 'சின்னக் குட்டி, பயப்படுகிறது' என்று காத்திருக்க வேண்டாம். வலி, தளர்ந்த கம்பி, தொற்று, இறுகத் தொடங்கிய தசை ஆகியவற்றில் ஒன்று இருக்கும், அல்லது எல்லாம் சேர்ந்து இருக்கும்.

கூண்டில் அடைத்தால் அழுதுகொண்டே இருக்கிறது. பாவமாக இருக்கிறது, அறைக்குள் மட்டும் விடலாமா?

அறைக்குள் கட்டில் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, வழுக்கும் தரை இருக்கிறது. குட்டிக்கு வலி குறைந்ததும் கம்பி ஒன்று உள்ளே இருப்பது தெரியாது. 4 முதல் 6 வாரம் கூண்டோ சிறு தடுப்போ வேண்டும். எழுந்து நின்று திரும்பும் அளவு இடம் போதும். வெளியே போவது வாரைப் பிடித்தபடி, மெதுவாக. மெதுவாக நடந்தால் நான்கு காலும் தரையைத் தொடும். வேகமாக நடந்தால் அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். அதனால்தான் மெது நடையே ஒரு பயிற்சி. உணவைப் பொம்மைக்குள் அடைத்துக் கொடுப்பது, சிறு சிறு கட்டளைகளைப் பழக்குவது ஆகியவை அழுகையைக் குறைக்கும். தையலை நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பு கட்டாயம்.

கூண்டில் அசையாமல் வை என்கிறீர்கள், காலை மடக்கி நீட்டு என்றும் சொல்கிறீர்கள். பொருத்திய எலும்பு பிய்ந்துவிடாதா?

கேட்கப்படுபவற்றிலேயே மிக நியாயமான கேள்வி இது. குட்டி தானாக ஓடிக் குதிப்பது கம்பியின் மேல் உடம்பின் முழு எடையையும் தசையின் முழு விசையையும் ஏற்றுகிறது. நீங்கள் கையால் மெதுவாக மடக்குவது அப்படி அல்ல. முன்பு சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தொடை எலும்பின் கூர்முனை முன்தசையில் குத்தியிருந்தது. அங்கே இரத்தம் உறைந்து, தசை எலும்போடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மூட்டு அசையாமல் இருந்தால் சில வாரங்களில் தசை நாராக மாறி இறுகி, கால் கம்புபோல் நீண்டே நின்றுவிடும். எலும்பு அழகாகக் கூடியிருக்கும், கால் பயன்படாது. அந்த நிலை முற்றிவிட்டால் மீண்டும் அறுவை செய்தும் பலன் கிடைப்பது அரிது.

செய்யும் முறை: வலி மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, குட்டியை நல்ல பக்கம் கீழிருக்கப் படுக்க வையுங்கள். ஒரு கை தொடையின் கீழ்ப்பகுதியை அடியிலிருந்து தாங்கட்டும், இன்னொரு கை கணுக்காலுக்குச் சற்று மேலே. முழங்காலை மெல்ல மடக்குங்கள். குட்டி தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும், அல்லது உதட்டை நக்கும், அல்லது தொடைத் தசை உங்கள் விரலுக்கடியில் விறைக்கும். அன்றைய எல்லை அது. சில விநாடி அங்கேயே நிறுத்தி, மெதுவாக நீட்டுங்கள். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து முறை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. முதல் தடவையை மருத்துவர் முன்னிலையில் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நல்ல முழங்கால் ஏறத்தாழ 40 பாகை வரை மடங்கி 160 பாகை வரை நீளும். மறு காலோடு ஒப்பிட்டால் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று தெரியும். மடங்கும் அளவு வாரத்திற்கு வாரம் கூட வேண்டும். குறைந்தால் அன்றே அழைத்துச் சொல்லுங்கள்.

எங்கள் இன்னொரு குட்டிக்கு முன்புடைப்பு அறுவை ஆனபோது 'மடக்கவே மடக்காதீர்கள்' என்றார்கள். இப்போது மடக்கச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. முன்புடைப்பைப் பொருத்திய காலில் முழங்காலை முழுவதுமாக மடக்கினால், முன்தசை நீண்டு, சில்லு நாண் வழியாகப் புடைப்பைத்தான் இழுக்கும். பொருத்திய இடத்திலேயே விசை விழும். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் ஆழமான மடக்கலைத் தவிர்க்கச் சொல்வார்கள். தொடை எலும்பின் கீழ்முனையில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: மடக்காமல் விடுவதுதான் ஆபத்து. சில மருத்துவர்கள் அறுவை முடிந்ததும் சில நாள்களுக்குக் காலை மடக்கிய நிலையிலேயே கட்டி அனுப்புவதும் இதற்காகத்தான். ஒரு நாய்க்குச் சொன்ன பயிற்சியை இன்னொரு நாய்க்குச் செய்வதால் நேரும் கேடு, பயிற்சியே செய்யாததால் நேரும் கேட்டுக்குச் சளைத்ததல்ல.

கால் குட்டையாகிவிடுமா? கோணலாகுமா?

குட்டையாகலாம். தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு கீழ்முனைத் தகட்டிலிருந்து வருகிறது. கீழ்க்கால் எலும்பில் மேல்முனைத் தகட்டின் பங்கு பாதிக்குச் சற்று அதிகம். முறிவே தகட்டைக் காயப்படுத்துவதால், மிகச் சிறப்பாகச் செய்த அறுவைக்குப் பிறகும் தகடு முன்கூட்டியே மூடுவது உண்டு. அது எவ்வளவு பாதிக்கும் என்பதை வயது தீர்மானிக்கிறது. ஏழெட்டு மாத நாய்க்கு மீதமுள்ள வளர்ச்சியே கொஞ்சம். மூன்று மாதப் பெரிய இனக் குட்டிக்கு நிறைய இருக்கிறது.

ஆனால் தொடை எலும்பு குட்டையானால் நாய் பெரும்பாலும் சமாளித்துவிடும்: முழங்காலையும் கணுக்காலையும் சற்று நேராக வைத்து நின்று நீளத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், நடையில் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். கோணல்தான் கவலைக்குரியது. தகட்டின் ஒரு பக்கம் மூடி மறுபக்கம் வளர்ந்தால் கால் சாயும். கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்தால் சிலுவைத் தசைநார் மீது சுமை கூடும். வளர்ச்சி முடியும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை இரு கால்களையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதைத் தொடக்கத்திலேயே பிடிக்கத்தான். தேவைப்பட்டால் பின்னாளில் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை இருக்கிறது.

எலும்பு சீக்கிரம் கூட கால்சியம் கொடுக்கலாமா?

குட்டிகளுக்கென்று சமன்செய்த உணவு உண்ணும் நாய்க்கு வேண்டாம். பெரிய இனக் குட்டிகளில் கூடுதல் கால்சியமே எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வெறும் இறைச்சி மட்டுமே உண்டு வளர்ந்த குட்டியின் கதை வேறு. அதற்கு உடம்பில் எல்லா எலும்புகளுமே மெலிந்திருக்கலாம், கம்பிக்குப் பிடிமானம்கூடக் கிடைக்காது. என்ன உணவு தருகிறீர்கள் என்று அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடிபட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. நாங்கள் தத்தெடுத்தபோதே நொண்டியது. இப்போது கம்பி வைக்க முடியாதா?

ஒரு மாதத்தில் குட்டியின் எலும்பு, இருந்த இடத்திலேயே கூடியிருக்கும். இப்போதைய கேள்வி எலும்பு எப்படித் தெரிகிறது என்பதல்ல, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதுதான். எக்ஸ்ரேயில் பார்க்கச் சகிக்காமல் கூடிய தொடை எலும்பும், மூட்டு நன்றாக மடங்கி நாய் ஊன்றி நடந்தால், தொடாமல் விடுவதற்குரியது. மூட்டு ஓரளவு மடங்குகிறது ஆனால் கால் கோணல் என்றால், எலும்பை வெட்டித் திருத்துவதைப் பற்றி எலும்பியல் பழகிய மருத்துவரிடம் கேட்கலாம். மூட்டுப் பரப்பு விலகியபடி கூடியிருந்தால் மூட்டுத் தேய்மானம் வரும். எடையைக் கூடவிடாமல் வைத்திருப்பதே அங்கே பெரிய மருந்து.

முழங்கால் இறுகிப்போய்விட்டது. காலையே எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

சில நாய்களுக்கு வேண்டியிருக்கும். இறுகி நீண்டுவிட்ட கால் வெறுமனே பயனில்லாமல் இருப்பதோடு நிற்பதில்லை. படியில் இடிக்கிறது, பாதத்தின் மேல்தோல் தரையில் தேய்ந்து புண்ணாகிறது, உட்காரவும் படுக்கவும் விடாமல் தொந்தரவு செய்கிறது. முடிவெடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒட்டிய தசையை விடுவிக்கும் அறுவைக்கு இந்தக் காலில் வாய்ப்பு மிச்சம் இருக்கிறதா, முழங்காலை நடப்பதற்கேற்ற கோணத்தில் நிரந்தரமாகப் பூட்டிவிடும் அறுவை பொருந்துமா, மற்ற மூன்று கால்களும் இடுப்பும் நலமாக இருக்கின்றனவா. கடைசிக் கேள்விக்குப் பதில் 'ஆம்' என்றால், மூன்று காலில் வாழ நாய்க்கு அதிக நாள் பழக்கம் தேவைப்படாது. இளம் நாய்கள் பல, அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நடக்கின்றன.